இரண்டு நல்லது, ஒரு திருத்தம்

அருள்தாஸ் கைப்பேசியில் மூன்று நிமிடத்தை வைத்து மேஜைமேல் கவிழ்த்துவிட்டார். இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திரையில் இருக்கிற படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மணி அடித்ததும் எப்சிபா எழுந்து அந்தப் படத்தைப் பற்றி இரண்டு நல்லதும் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும், படம் எடுத்தவர் அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும், கடைசியில் அவருக்கு ஒரு நிமிடம். பாளையங்கோட்டையில் இந்த நூலக மாடியில் மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு கூடுகிற பதினேழு பேருக்கும் இது மீறக் கூடாத சட்டம். பதினேழு பேரில் ஒருவருக்கும் போட்டோ பிழைப்பு கிடையாது. அருள்தாஸ் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர், பக்கத்தில் இருக்கிற காந்திமதிநாதன் மருந்துக்கடைக்காரர், எப்சிபா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். லீவு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கும் மலைக்கும் ஓடுகிற கூட்டம். திரையில் முத்தாலங்குளம் இருந்தது. காலை வெயில் மேற்கே மலைமேல் விழுந்து, மலை அப்படியே தண்ணீரில் இறங்கி, நடுவில் ஒரு கோடு, வேறு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததைப் பார்த்துத்தான் எப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் இதே திரையில் இதே குளம் வந்தபோது இடது பக்கம் தண்ணீருக்குள் ஒரு கருவேல மரம் சாய்ந்து நின்றது. இந்த மாதம் அது இல்லை. கம்ப்யூட்டரில் அழித்த மரம் இல்லை அது, கோடாலியும் ரம்பமும் கொண்டுபோய் நிஜமாகவே வெட்டிச் சாய்த்தாயிற்று. வெட்டியவர் இரண்டு வரிசை முன்னால் சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற சொரிமுத்து அண்ணாச்சி. வெட்டச் சொன்னது எப்சிபா.

வெட்டச் சொன்னேனா நான், எங்கே சொன்னேன், வெட்டு என்கிற வார்த்தையே என் வாயில் வரவில்லையே என்று அவள் மனசு காலையிலிருந்து நூறாவது தடவையாக வாதாடத் தொடங்கியது, தொடங்கின இடத்திலேயே வழுக்கி விழுந்தது. காலையில் கோயில் முதல் ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்து, மாடிப்படிக்குக் கீழே பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது அண்ணாச்சி வந்தார். முகமெல்லாம் பல். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அறுபத்தொரு வயசு ஆள், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நின்றார். “மேடம், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. அந்தக் கருவேலத்த எடுத்துட்டேன். படம் எப்படி வந்திருக்குன்னு நீங்களே பாப்பீங்க.” அவள் அசடு மாதிரி, “அழிச்சா நம்ம குழுவுல ஒத்துக்கிட மாட்டாங்களே அண்ணாச்சி” என்றாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “அழிக்கவா? நான் எதுக்கு மேடம் அழிக்கப் போறேன், கள்ளத்தனம்லா அது. வெட்டியாச்சு. எங்கூட வேல பாத்த ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போனேன். அடிமரம் தண்ணிக்கு மேல தெரியக்கூடாதுன்னு இடுப்பளவு தண்ணில நின்னு அறுத்தோம். நேத்தைக்கு வரைக்கும் முதுகு வலி.” யாரும் ஒன்றும் கேட்கவில்லையா என்று கேட்டாள். “யாரு கேப்பா? கயிறும் அருவாளுமா என்னையப் பாத்தா லைன்காரன் கம்பிக்கு வெட்டுதான்னு நெனச்சுக்கிடுவாங்க.” அந்தக் குளத்துக்கு அரை மைல் சுற்றளவில் ஒரு கம்பி கிடையாது. கூடு இருந்ததே, வக்காக்கொக்கும் நீர்க்காகமும் அடைகிற மரமாயிற்றே என்று அவள் இழுத்தபோது அவர் சமாதானம் சொன்னார். “ஏழெட்டுக் கூடு இருந்திச்சு மேடம். மேல ஏறி ஒவ்வொண்ணா நல்லாப் பாத்துட்டுத்தான் வெட்டுனோம். குஞ்சு ஒண்ணும் இல்ல. முட்டதான்.” அதற்கு எப்சிபா என்ன சொன்னாள்? “ஓ” என்றாள். கையில் இருந்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாள். அந்த ஓ-வை நினைத்தால் இப்போது தன் வாயிலேயே நாலு போட வேண்டும் போல் இருந்தது.

முட்டதான். அதென்ன ‘தான்’. ஏழு கூடு என்றே வைத்துக்கொள்வோம், கூட்டுக்கு மூன்று என்றால் இருபத்தொன்று, எட்டு என்றால் இருபத்துநாலு, எதற்கு இந்தக் கணக்கு, இருபத்தொன்றில் குறைந்தால் குற்றம் குறைந்துவிடுமா. கொன்றால் பாவம் தின்றால் போச்சு என்பார்கள், இங்கே தின்னவும் இல்லை, ஒரு போட்டோவுக்காக அத்தனையும் தண்ணீரில் போயிற்று. சே, என்ன மனுஷன். மரம் ஏறிப் பார்த்தாராம், குஞ்சு இல்லையாம், என்ன ஒரு ஜீவகாருண்யம். ஒரு மரம் படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றால் இரண்டு எட்டு வலது பக்கம் தள்ளி நிற்கத் தெரியாதா, லென்ஸை மாற்றத் தெரியாதா, வேறு குளத்துக்குப் போகத் தெரியாதா, ஊரில் குளத்துக்கா பஞ்சம். அவரைச் சொல்லி என்ன, கம்பிக்குக் குறுக்கே வருகிற கிளையை வெட்டு வெட்டு என்று முப்பது வருஷத்துக்கு மேல் பழகின கை, குறுக்கே வந்தால் வெட்டும். அந்தக் கைக்குக் குறுக்கே வருகிறது என்று காட்டிக் கொடுத்தது யார். அப்புறம் இந்தச் சட்டம் ஒன்று, கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கக் கூடாது, கண்முன்னால் இருந்தது படத்தில் இருக்க வேண்டும். இந்தச் சட்டம் வேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டது யார், இதே எப்சிபாதான். காந்திமதிநாதன் வானத்தில் இல்லாத கொக்கை ஒட்டிக்கொண்டு வந்தபோது, பொய்ப் படம் காட்டுவதற்கு இத்தனை பேர் எதற்குக் கூட வேண்டும் என்று கத்தியவள் அவள்தான். உண்மை வேண்டுமாம் உண்மை. நாலு தட்டு தட்டி அழித்திருந்தால் மரம் குளத்தில் நின்றிருக்கும், படம் மட்டும் பொய்யாய் இருந்திருக்கும். இப்போது படம் உண்மை. ஒரு பொய் கிடையாது அதில். குளத்திலும் மரம் இல்லை, படத்திலும் மரம் இல்லை, அரிச்சந்திரன் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

மின்விசிறி கிறீச்சிட்டது. பின்னால் யாரோ, “ம்ம்” என்று ரசித்தார்கள், மௌனத்தில் ரசிக்கிற சத்தத்துக்கு மட்டும் தடை இல்லை. ரசியுங்கள் நன்றாக ரசியுங்கள், சுத்தமான ஃபிரேம் அல்லவா. இந்தச் ‘சுத்தம்’ என்கிற வார்த்தையை யார் இந்த மாடிக்குக் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை, வந்ததிலிருந்து எல்லோருக்கும் அதுவே வாய்ப்பாடாகிவிட்டது. ஃபிரேம் சுத்தமா இருக்கு, பின்னணி சுத்தமா இல்ல, ஓரத்த சுத்தம் பண்ணியிருக்கலாம். குளம் என்றால் அதில் பாசி இருக்கும், தாமரைத்தண்டு இருக்கும், எருமை இருக்கும், யாரோ துவைத்துக் காயப்போட்ட சேலை இருக்கும், மரத்தில் பறவை இருந்தால் மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாய் எச்சம் இருக்கும். இவர்களுக்கு அதெல்லாம் அழுக்கு. ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வேண்டும் குளம். இவர்களுக்கு என்று சொல்கிறேனே, எனக்கு இல்லையா, நான் என்ன ஆகாயத்திலிருந்தா குதித்தேன். போன மாதக் குறிப்பை அருள்தாஸ் வழக்கம்போல் வாட்ஸப்பில் போட்டிருந்தார், டீக் கப்பைக் குப்பையில் போட்டுவிட்டு மாடிப்படியில் நின்று அதைத் தேடி எடுத்துப் படித்தாள். சொரிமுத்து, முத்தாலங்குளம் காலை. விமரிசனம்: எப்சிபா. நல்லது: வெளிச்சம். நல்லது: மலையின் பிம்பம். திருத்தம்: இடது பக்க மரம் கண்ணை இழுக்கிறது, அது இல்லாதிருந்தால் ஃபிரேம் சுத்தமாக இருக்கும். அவ்வளவுதான். கீழே பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

அருள்தாஸ் சுருக்கி எழுதுகிறவர், நான் முழுதாக வேறு மாதிரி சொன்னேன் என்று அவள் ஒரு படி ஏறினாள். மரத்தை விட்டுக் கொஞ்சம் விலகி நின்னு எடுத்திருந்தா என்று சொன்னேன், விலகி என்று நிச்சயம் சொன்னேன், கையைக் கூட இப்படி வலது பக்கம் காட்டினேன். அடுத்த படியில் அது உதிர்ந்துபோயிற்று. கையைக் காட்டினது உண்மை, ஆனால் அந்தக் கை மரத்தைத் துடைத்துப் போடுகிற மாதிரி காற்றில் ஒரு துடைப்பு துடைத்தது, துடைத்துக்கொண்டே அது மட்டும் இல்லாம இருந்தா என்றாள், எல்லோரும் தலையாட்டினார்கள், தலையாட்டினது அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் சங்கதி. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு வாய் கிடையாது. மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, மூச்ச விடுங்க, அடுத்த ஆளு வாங்க. படத்தில் என்ன இருக்கிறது என்பது டாக்டருக்கு முந்தி அவள் கண்ணுக்குத் தெரியும், நெஞ்சில் காசு அளவு வெள்ளையாக ஒன்று நிற்பது தெரியும், “ஏதாவது இருக்கா சிஸ்டர்” என்று சட்டையை மாட்டிக்கொண்டே கேட்பார்கள், “டாக்டர் சொல்லுவாங்க” என்று திரும்பிக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா கேட்டார்கள் என்று, “ஒண்ணும் பெருசா இல்லம்மா” என்று சொல்லிவிட்டாள், அதற்கு டாக்டர் நிற்க வைத்துக் கேட்ட கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது. நீ யாரு சொல்றதுக்கு. ஒரு வார்த்தைக்கு என்ன கனம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டவள்தானே, அங்கே அடைத்த வாயை மாதத்துக்கு ஒருநாள் இங்கே வந்து அவிழ்த்துவிட்டாள். இங்கே யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. எப்சிபா மேடம் சொன்னா சரியா இருக்கும் என்கிறார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான், ஆனால் இங்கே தவளை ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, கெட்டதெல்லாம் மரத்தில் இருந்தது.

ஒரு நிமிடம் ஆகியிருக்குமா, இரண்டா, அருள்தாஸின் முகத்தைப் பார்த்தால் தெரியாது, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இருக்கிறவர் மாதிரி இருந்தார். இந்த இரண்டு நல்லதும் ஒரு திருத்தமும் அவருடைய கண்டுபிடிப்புதான். முன்னால் எல்லாம் வாட்ஸப்பில் செம, அருமை, பின்னிட்டீங்க என்று போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், நேரில் கூடினால் நேர்மாறாக ஒருவரை ஒருவர் பிய்த்துப் போடுவார்கள், ஒரு பெண் அழுதுகொண்டே போனவள் திரும்பி வரவேயில்லை. அதனால்தான் ஆக்கபூர்வமாக இருக்க வேண்டும் என்று இப்படிச் சட்டம் போட்டார். நல்ல சட்டம். நல்லது இல்லாத படத்திலும் இரண்டு நல்லதைத் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும். சரி. திருத்தம் இல்லாத படம் வந்தால்? அதை யாரும் யோசிக்கவில்லை. போன மாதம் அந்தப் படம் வந்தது. அவள் அதை மூன்று நிமிடமும் பார்த்தாள். இப்போது ஒப்புக்கொள்ளடி, இங்கே யாரும் கேட்கவில்லை, உனக்குள்தானே. அந்த மரம்தான் படம். மலையும் தண்ணீரும் எவன் எடுத்தாலும் கிடைக்கும், காலண்டரில் கிடைக்கும். அந்த மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிளையெல்லாம் கறுப்புக் கறுப்பாக வக்கா உட்கார்ந்து, ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு, பார்த்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்பதுதான் அவளை முள்ளாகக் குத்தியது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மாடி ஏறின மனுஷன், எது ஃபோகஸ் என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொண்ட மனுஷன், அவள் ஏழு வருஷத்தில் எடுக்காத ஒரு படத்தை எடுத்துவிட்டார். பொறாமையா. ஆமாம் பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பேர் வைத்துக் கூப்பிட வேண்டாம். மணி அடித்துவிட்டது, இரண்டு நல்லது சொல்லியாயிற்று, திருத்தம் என்று எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள், திருத்தம் ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தால் எப்சிபாவுக்குக் கண் மங்கிவிட்டது என்பார்களோ என்று ஒரு பயம், படத்தில் இருந்த ஒரே ஒரு நல்ல பொருளைக் கைநீட்டிக் காட்டி, அது இல்லாமல் இருந்தால் என்றாள். ஒரு உயிருள்ள மரத்துக்கு அவள் தீர்ப்பு எழுதினது அவ்வளவு நேரத்தில்தான், இட்லிக்குச் சட்னி வேண்டாம் என்று சொல்கிற நேரம்கூட ஆகவில்லை.

இப்போது என்ன சொல்லப் போகிறாய். எரிச்சல் மூக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை, அண்ணாச்சி கழுத்தில் பவுடர் போட்டிருந்தது தெரிந்தது, அந்தப் பவுடரைப் பார்த்தும் கோபம் வந்தது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெளிச்சம் நல்லது, பிம்பம் நல்லது, அடிவானக் கோட்டை இன்னும் கொஞ்சம் கீழே வைத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. குழு வைக்கப்போகிற கண்காட்சிக்கு முதல் படமாக இதைத்தான் எடுப்பார்கள், வாசலிலேயே மாட்டுவார்கள், அவள் ஒவ்வொரு நாளும் அதன் அடியில் நுழைந்து போக வேண்டும். அதுமட்டும் இல்லை, இந்தப் பதினாறு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எப்சிபா சொன்னாள், சொரிமுத்து வெட்டினார், படம் ஜெயித்தது என்று நாளைக்கு இவர்களுக்கும் தெரிய வரும், அப்புறம் எந்தக் கூட்டுக்கு முன்னால் எந்த இலையைக் கிள்ளுவார்கள், எந்தப் பாறையை உருட்டுவார்கள். இல்லை, எழுந்து நின்று உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்துவிடலாம், அண்ணாச்சி மரத்தை வெட்டினார், முட்டையோடு வெட்டினார் என்று. அருள்தாஸ் அவரை இன்றைக்கே குழுவை விட்டு அனுப்பிவிடுவார், யாராவது வனத்துறைக்கு எழுதிப் போடுவார்கள், அந்த மனுஷன் முதுகு வலியோடு ஆபீஸ் ஆபீஸாக ஏற வேண்டும். எல்லாப் பழியும் கோடாலி பிடித்த கைக்குப் போய்விடும், கைநீட்டிக் காட்டின கை பவிசாகப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்ளும். அதுவும் ஒரு அயோக்கியத்தனம். நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடு. சொன்னால் இந்த மாடி போயிற்று. மாதத்துக்கு ஒருநாள் கிடைக்கிற இந்த வாயும் போயிற்று, மூச்ச இழுத்துப் பிடிங்க, மூச்ச விடுங்க, அவ்வளவுதான் மிச்சம். போனால் போகட்டும். போகட்டுமா. திரையில் அந்தத் தண்ணீர் ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது.

மணி அடித்தது. எப்சிபா எழுந்தாள். “முதல் நல்லது, வெளிச்சம்” என்றாள், குரல் அவள் பயந்த மாதிரி நடுங்கவில்லை, அழகாகத்தான் வந்தது. “ரெண்டாவது நல்லது, பொறுமை. ஒரே எடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்காங்க. திருத்தம் இந்தப் படத்துக்கு இல்ல. போன மாசம் நான் சொன்ன திருத்தத்துக்குத்தான் திருத்தம். இந்தக் குளத்துல ஒரு மரம் நின்னுச்சு, உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அது கண்ணை இழுக்குதுன்னு நான் சொன்னேன். அண்ணாச்சி நம்ம சட்டத்த மதிச்சு, அழிக்கக் கூடாதுன்னு, அந்த மரத்தையே வெட்டிட்டாங்க. பறவை அடையுற மரம். தப்பு அவங்கமேல இல்ல. என் பார்வை தப்பு. படத்துல எது இருக்கணும் எது இருக்கக் கூடாதுன்னு சொல்ற நாம, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லணும்.” உட்கார்ந்துவிட்டாள். நாற்காலிகள் அசைந்தன. யாரோ “அய்யய்யோ” என்றார்கள், யாரோ அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு காந்திமதிநாதன் மெல்ல, “ஏழு வருஷத்துல இப்படி ஒரு விமரிசனம் நான் கேட்டதில்ல” என்றார். அருள்தாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இப்படிச் சொல்லுததுக்குப் பெரிய மனசு வேணும்” என்றார். பின் வரிசையில் ஒருவர் கைதட்ட, இன்னும் நாலைந்து பேர் தட்டினார்கள். மரம் செத்ததற்குக் கைதட்டு. அந்தக் கைதட்டு அவளுக்கு உள்ளே ஒரு ஓரத்தில் இனிக்கவும் செய்தது, இனிக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்புக்கு அளவே இல்லை. முட்டையைச் சொல்லவில்லை அவள். என் பார்வை தப்பு என்று எத்தனை லட்சணமாகச் சொன்னாள், பார்வை என்று ஒன்று இருந்த மாதிரி.

“அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு நிமிஷம்” என்றார் அருள்தாஸ். சொரிமுத்து எழுந்தார். காலையில் இருந்த பல் முகத்தில் இல்லை. தன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கைதட்டினவர்களைப் பார்க்காமல் எப்சிபாவை நோக்கித் திரும்பினார்.

“முப்பத்திரண்டு வருஷம் மரம் வெட்டியிருக்கேன் மேடம். கம்பில உரசும், தீப்பிடிக்கும், ஆளு சாவான், அதுக்கு வெட்டுனேன். பொம்பளைங்க வாசல்ல நின்னு ஏசுவாங்க, காய்க்கிற முருங்கைய வெட்டுதியேன்னு. நின்னு காரணம் சொல்லுவேன். ஒத்துக்கிடுவாங்க, ஒத்துக்கிடாம மண்ணை வாரித் தூத்துவாங்க. அது அவங்க பாடு. நம்மகிட்ட காரணம் இருக்கும்.” திரையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். “இந்த மரத்துக்கு நீங்க காரணம் சொன்னீங்க. இப்ப அது தப்புன்னு சொல்லுதீங்க. சரி. அப்ப அன்னைக்கி உங்க கண்ணுல என்ன பட்டுச்சு? அத மட்டும் சொல்லுங்க. அதத் தெரிஞ்சுக்கிடணும் நான்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மறுபடியும் ஏதாவது அழகாகச் சொல்லலாம் என்று நாக்கு புரண்டது, அவள் அதைக் கடித்துக்கொண்டாள்.

“ஒண்ணும் படல அண்ணாச்சி” என்றாள். “படம் நல்லா இருந்திச்சு. அந்த மரம்தான் அதுல நல்லா இருந்திச்சு. ஒரு திருத்தம் சொல்லியாகணுமேன்னு, வாய்க்கு வந்ததச் சொன்னேன்.”

யாரும் கைதட்டவில்லை. காந்திமதிநாதன் தரையைப் பார்த்தார். சொரிமுத்து அவள் சொன்னதைக் கேட்காதவர் மாதிரி தலையை இல்லை என்று ஆட்டினார்.

“இல்ல. சும்மா சொல்லுத ஆளு இல்ல நீங்க. ரெண்டு வருஷமா நான் பாக்கேன்லா. என்னமோ பட்டிருக்கு, உங்களுக்கு மறந்துபோச்சு.”

“இல்ல அண்ணாச்சி, நெசமாவே...”

“யோசிங்க” என்று அவர் சத்தம் போட்டார். இந்த இரண்டு வருஷத்தில் அந்த மாடியில் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. “ஒண்ணுமே இல்லாமலா நான் அந்தக் கூட்ட ஒவ்வொண்ணா எடுத்துத் தண்ணில விட்டேன்?”

நிமிடம் முடிந்ததைச் சொல்ல வாயெடுத்த அருள்தாஸ் கைப்பேசியை மறுபடி கவிழ்த்துவிட்டார். சொரிமுத்து திரைப்பக்கம் கையை நீட்டினார். குரல் இறங்கிவிட்டது, காலையில் டீ குடிக்கும்போது இருந்த அதே மரியாதை வந்துவிட்டது.

“படத்த நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க மேடம். அவசரம் இல்ல. நான் நிக்கேன்.”